மேலே புளி! கீழே உப்பு!

கடற்கரை வீட்டுச் சமையல் மேடைக்குச் சலவைக்கல் ஏற்றதா?

வீடு கட்டுகிறவர்கள் கடைசியாகக் கவனிக்கும் இடம் சமையல் அறை. அங்கேயும் கடைசியாக வருவது மேடைக்கல். அதற்குள் கையில் இருந்த பணம் எல்லாம் கரைந்து போயிருக்கும். கடன் வாங்கியாவது நல்ல கல் போட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைப்பார்.

வீட்டுக்காரிக்கோ ஒரே ஆசை. மேடை வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும். சலவைக்கல்லாக இருக்க வேண்டும். மார்பிள் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அந்தக் கல்.

இந்த ஆசையில் தவறே இல்லை. பகலில் பாதி நேரம் அவள் நிற்கிற இடம் அது. அந்த இடம் அழகாக இருக்கட்டும் என்று நினைப்பது பெரிய குற்றமா?

ஆனால், அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது? இதைக் கேட்ட பிறகே கல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

உப்பு விளையும் ஊர்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் கழுவெளி ஏரி. ஆந்திராவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவதும் இந்தப் பகுதியில்தான். நடுவில் எங்கே பார்த்தாலும் உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளை.

இந்த ஊரில் பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரே உவர்ப்பு. அதை இறைத்துப் பாத்தியில் விட்டால் வெயில் காய்ச்சி உப்பாக்கிக் கொடுக்கிறது. உப்பளத்துக்கு அந்தத் தண்ணீர் வரம். வீட்டுச் சுவருக்கு அது சாபம்.

கடற்கரை ஊர்களில் பழைய வீடுகளைப் பார்த்தால் தெரியும். தரையில் இருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் மாவு போல உதிரும். சுண்ணாம்பு அடித்தாலும் அடுத்த மழைக்குள் பொரிந்து விழுந்துவிடும். "சுவர் உப்புப் பூத்துவிட்டது" என்பார்கள்.

அதே உப்பு, சுவரோடு நின்றுவிடுமா? சமையல் மேடைக்கும் வரும்.

உப்பளத்தில் பாடுபடும் குடும்பங்களுக்கு மழைக்காலம் என்றால் வேலை இல்லை. அந்த மாதங்களைத் தாண்டுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டில் குடும்பம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 5 ஆயிரம் ரூபாயை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பம், ஒரு மேடைக்கல்லை இரண்டு தடவை வாங்க முடியுமா? ஒரு தடவை போட்டால் பேரன் காலம் வரை இருக்க வேண்டும்.

கிளிஞ்சலும் சலவைக்கல்லும்

சலவைக்கல் என்பது என்ன? சுண்ணாம்புக்கல் பூமிக்குள் பல கோடி ஆண்டுகள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்தால் சலவைக்கல்லாக மாறுகிறது. விஞ்ஞானிகள் இந்தப் பொருளைக் கால்சியம் கார்பனேட் என்று சொல்கிறார்கள்.

கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சலும் இதே பொருள்தான். அதைச் சுட்டுத்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்தார்கள். சுவருக்கும் பூசினார்கள்.

உப்பளத்துப் பாத்தியிலும் இந்தப் பொருள் இருக்கிறது. கடல் தண்ணீர் காயும்போது முதலில் அடியில் படிவது உப்பு அல்ல. இந்தச் சுண்ணாம்புச் சத்துதான் முதலில் படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதற்கும் பிறகுதான் உப்பு. ஆகவே, கடற்கரை மக்களுக்குச் சலவைக்கல் அந்நியம் அல்ல. கிளிஞ்சலுக்கு அது பணக்கார அண்ணன்!

கிளிஞ்சல் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் என்ன ஆகும்? சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். புளிப்பு சுண்ணாம்பைத் தின்கிறது என்று அதற்கு அர்த்தம். சலவைக்கல்லுக்கும் அதே கதிதான்.

தமிழர் சமையலில் புளிப்பு இல்லாத நாள் உண்டா? சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் புளி. சாதத்துக்குத் தயிர். ரசத்துக்குத் தக்காளி. ஊறுகாய்க்கு எலுமிச்சை. மேடை மேல் இவை சிந்தாமல் சமைக்க யாராலும் முடியாது.

புளிக்கரைசல் சிந்தி அப்படியே கிடந்தால், துடைத்த பிறகும் அந்த இடம் மங்கலாகத் தெரியும். வீட்டுக்காரி அதைக் கறை என்று நினைத்துத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். ஏன் என்றால் அது கறை அல்ல. கறை என்பது கல்லுக்குள் புகுந்த நிறம். இது வடு. கல்லின் மேல்தோலே கரைந்து போன இடம். மறுபடியும் மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால்தான் பளபளப்பு திரும்பும்.

இதில் புதுமை எதுவும் இல்லை. பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவது ஏன்? மேலே படிந்த களிம்பைப் புளி தின்றுவிடுகிறது. அதனால் குடம் பளபளக்கிறது. பித்தளைக்கு நன்மை செய்யும் புளி, சலவைக்கல்லுக்குத் தீமை செய்கிறது. ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போட்டார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். புளிப்பு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பது பாட்டிமார்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்திருந்தது.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பாருங்கள். எந்த ஊரிலாவது சலவைக்கல்லில் அம்மி கொத்தியது உண்டா? எல்லாம் கருங்கல்!

செட்டிநாட்டு மாளிகைகளுக்கு இத்தாலி நாட்டில் இருந்து கப்பலில் சலவைக்கல் வந்தது. பணத்துக்கு அங்கே குறைவு இல்லை. அந்தக் கல்லை அவர்கள் விருந்தாளிகள் வந்து உட்காரும் கூடத்தில் பதித்தார்கள். அம்மிக்குக் கருங்கல்லையே வைத்துக் கொண்டார்கள்.

ஈரம் மட்டும் காரணம் அல்ல

கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் சலவைக்கல் கெட்டுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

கொல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபம் இருக்கிறது. 1921-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ராஜஸ்தானில் உள்ள மக்ரானா என்ற ஊரின் சலவைக்கல்லால் கட்டியது. கொல்கத்தா வியர்த்துக் கொட்டும் ஊர். ஆனாலும் அந்த மண்டபம் நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. ஆக்ராவில் தாஜ்மகாலும் அதே மக்ரானா கல்தான்.

மக்ரானாவுக்குப் பக்கத்திலேயே சாம்பர் ஏரி என்ற மாபெரும் உப்பு ஏரி இருக்கிறது. அங்கேயும் உப்பு விளைகிறது! ஆனால் அங்கே காற்று வறண்டது.

ஈரம் தனியாக வந்தால் கல் தாங்கும். உப்பு தனியாக வந்தாலும் தாங்கும். இரண்டும் சேர்ந்து, மாறி மாறி வந்தால்தான் ஆபத்து. எப்படி?

சமையல் அறையில் இருக்கும் உப்பு ஜாடியே இதற்குச் சாட்சி. வெயில் காலத்துப் பகலில் உப்பு கலகல என்று இருக்கும். மழைக்காலத்தில் ஜாடியைத் திறந்தால் நீர் கசிந்து நிற்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சுத்தம் செய்யாத கடல் உப்பில் மக்னீசியம் சத்தும் கலந்திருப்பதால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். கடற்கரை ஊர்களில் பெரும்பாலான இரவுகளில் ஈரம் இந்த அளவைத் தாண்டுகிறது.

இப்போது அந்த உப்பு, ஜாடியில் இல்லாமல் கல்லின் நுண்ணிய துளைகளில் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இரவில் கரைகிறது. துளைக்குள் பரவுகிறது. பகலில் காய்கிறது. காயும்போது மறுபடி பரலாக விளைகிறது. உப்பளத்தில் விளைவதற்குப் பெரிய பாத்தி இருக்கிறது. கல்லுக்குள் இடம் ஏது? பக்கத்தில் இருக்கும் கல் துகளை நெட்டித் தள்ளுகிறது. இன்றும் தள்ளுகிறது. நாளையும் தள்ளுகிறது. கடைசியில் கல்லின் மேற்பரப்பு சர்க்கரை போலப் பொலபொல என்று உதிர்கிறது.

கருங்கல்லே அரிக்கிறது!

மரக்காணத்துக்கு வடக்கே, அதே கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் இருக்கிறது. அங்கே உள்ள கடற்கரைக் கோவிலைப் பார்க்காத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறைவு. பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோவில் அது. முழுக்க முழுக்கக் கருங்கல்.

அந்தச் சிற்பங்களின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால் மூக்கும் கண்ணும் மழுங்கி இருப்பது தெரியும். உளி தேய்த்தது அல்ல. உப்புக் காற்றும் மணலும் தேய்த்தது. கடல் அலை மோதாமல் இருக்கக் கல் அணை போட்டார்கள். உப்புக் காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்த்தார்கள்.

இந்தியத் தொல்பொருள் துறையினர் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, கோவில் கல்லின் மேல் பூசுகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்துக் கொள்கிறது. காய்ந்த கூழை உரித்து எடுத்தால் உப்பும் அதோடு வந்துவிடுகிறது. சில காலம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். கடல் ஓயுமா? உப்பும் ஓயாது.

மரக்காணத்திலும் பூமீஸ்வரர் கோவில் இருக்கிறது. சோழர் காலத்துக் கற்கோவில். சோழர் கல்வெட்டுகள் உள்ள இடம். உப்பளங்களுக்கு நடுவே ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவை அந்தக் கற்கள்.

கடினமான கருங்கல்லே கடற்கரையில் இத்தனை பாடுபடுகிறது. சலவைக்கல் அதைவிட மெத்தென்ற கல். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதில் சலவைக்கல்லுக்கு 3. கருங்கல்லுக்கு 6 முதல் 7. சமையல் கத்தியின் எஃகுக்குச் சுமார் 5½. அதாவது, கத்தி சலவைக்கல்லைக் கீறும். கருங்கல்லைக் கீறாது.

எந்தக் கல்லை வாங்குவது?

சமையல் மேடைக்குக் கருங்கல் பலகையே போதும். கடையில் கிரானைட் என்று கேட்க வேண்டும். கறுப்பு நிறத்துக் கிரானைட்டுக்கு வெகு தூரம் போக வேண்டியது இல்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள குன்னம் என்ற ஊரின் கறுப்புக் கல் வெளிநாடுகளுக்குக் கூடப் போகிறது. ஊர்க் கல்லை விட்டுவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து லாரியில் வரும் கல்லுக்குப் பணம் கொட்டுவது ஏன்?

கடப்பைக்கல் மலிவாகக் கிடைக்கும். ஆந்திராவில் கடப்பை மாவட்டத்துக் கல். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அலமாரித் தட்டும் மேடையும் இந்தக் கல்தான். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கறுப்பாக இருப்பதால் இதையும் கருங்கல் என்று நினைத்து ஏமாறக் கூடாது. கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல் ஜாதிதான்! புளிப்பு பட்டால் இதுவும் வெளுக்கும். அலமாரித் தட்டுக்கு நல்லது. மேடைக்கு அடியில் தாங்கு பலகையாக வைக்கவும் நல்லது. மேல் கல்லாகப் போட்டால் புளி சிந்தியதும் துடைக்க வேண்டும்.

சில இடங்களில் சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னரோ, நகப்பூச்சைத் துடைக்கும் திரவமோ தொட்டுக் கல்லை அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். துணி கறுத்தால் சாயம்!

கல் வெட்டுகிறவன் நுரையீரல்

இப்போது குவார்ட்ஸ் என்ற செயற்கைக் கல் ஒன்று வந்திருக்கிறது. சலவைக்கல் போலவே வெள்ளையாக, ரேகை ஓடிய மாதிரி செய்கிறார்கள். புளிக்கு அசையாது என்பது உண்மை. ஆனால் அதைப் பிசினில் குழைத்துச் செய்வதால் சூடான பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்து கொள்ள வேண்டும். அந்தக் கல்லில் பெரும் பகுதி சிலிகா. 90 சதவீதத்துக்கு மேல் கூட இருக்கும். தண்ணீர் விடாமல் மெஷினில் வெட்டினால் கிளம்பும் தூசி கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது. அது வெட்டுகிறவரின் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். மூச்சு வாங்கும். இருமும். சிலிகோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். ஒரு தடவை வந்துவிட்டால் குணம் ஆக்க மருந்து கிடையாது. இளம் வயதுத் தொழிலாளர்கள் பலர் இந்த நோய்க்கு ஆளானதால் ஆஸ்திரேலியா 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் இந்தச் செயற்கைக் கல்லுக்கே தடை போட்டுவிட்டது.

கிரானைட்டிலும் சிலிகா உண்டு. செயற்கைக் கல்லைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஆகவே எந்தக் கல்லாக இருந்தாலும் வீட்டுக்குள் வைத்து உலர்வாக வெட்டச் சொல்லக் கூடாது. வெளியே வைத்து, தண்ணீர் விட்டுக் கொண்டே வெட்டச் சொல்ல வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்டிக் கொண்டால் போதாது. நுண்தூசி புகாத நல்ல முகமூடி வேண்டும். அதற்கு ஆகும் செலவு கல் விலையில் ஒரு மூலைக்குக் கூடக் காணாது. வேலை கொடுப்பவரே அதை வாங்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மேடை வீட்டுக்கு அழகு தரும் என்பதற்காக ஒரு மேஸ்திரியின் மூச்சு நிற்கக் கூடாது.

கல்லுக்கு அடியில்

கல்லைத் தேர்ந்து எடுப்பதற்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறார்கள். ஆனால் கல்லுக்கு அடியில் போடும் கலவையை யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை. கடற்கரை வீட்டில் மேடை கெட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

கலவைக்கு வேண்டியது மணல், சிமெண்டு, தண்ணீர். மூன்றில் இரண்டு வழியாக உப்பு வரலாம். கடற்கரை மணலை அள்ளி வந்து போட்டால் உப்பைக் கையாலேயே கல்லுக்கு அடியில் வைத்துக் கட்டியது போல ஆகும். வீட்டுக் கிணற்றின் உவர்நீரை ஊற்றிப் பிசைந்தாலும் அதே கதைதான். மேலே மக்ரானா கல்லாகவே இருக்கட்டும். ஆறு மாதத்தில் இணைப்புகளில் வெள்ளை பூத்துவிடும்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று அரசின் இந்தியத் தர விதி சொல்கிறது. குளோரைடு என்ற உப்புச் சத்து ஒரு லிட்டரில் 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல் தண்ணீரில் அது சுமார் 19 ஆயிரம் மில்லிகிராம் இருக்கிறது! குடிக்க முடியாத தண்ணீரைக் கட்டிடமும் குடிக்கக் கூடாது. இதுதான் எளிய கணக்கு.

மணலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடி டம்ளரில் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். தெளிந்ததும் மேல் தண்ணீரை ஒரு கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு தட்டில் வெள்ளைப் பொடி கனமாகப் படிந்து இருந்தால் அந்த மணல் ஆகாது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலுக்கு இந்தக் கவலை குறைவு.

மேடையின் கால்களைச் செங்கல்லால் கட்டுவது வழக்கம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, தரையில் இருக்கும் உவர்நீர் செங்கல் வழியாக மேலே ஏறும். அது மேடைக்கல் வரை வந்துவிட்டால் பிறகு நிறுத்துவது கடினம். ஆகவே வழியிலேயே மறிக்க வேண்டும். கால்களுக்குத் தரை மட்டத்தில் ஈரம் ஏறாத சிமெண்டுப் பூச்சு கொடுக்கலாம். கால் முடியும் இடத்தில் தடித்த பாலிதீன் தாளோ, கடப்பைப் பலகையோ வைக்கலாம். கட்டிய பிறகு இதைச் செய்ய முடியாது. கொத்தனார் கரணை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சிலர் சுவரில் இரும்புக் கோணத்தை அடித்து அதன் மேல் கல்லை நிறுத்துகிறார்கள். உப்புக் காற்றில் இரும்பு துருப் பிடிக்கும். துரு என்பது இரும்பைவிடப் பருமன் பல மடங்கு அதிகம். அது உப்பி, கல்லை நெம்பும். ஒரு நாள் கல் டப் என்று விரிசல் விடும். இரும்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகு வைப்பதே நல்லது. எரிவாயு சிலிண்டரின் அடிவளையம் தரைக்கல்லில் துரு வட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

மேடை போட எந்த மாதம் நல்லது? உப்பு விளையும் மாதம்! உப்புப் பாத்தியைக் காய வைக்கும் அதே வெயில், கலவையின் ஈரத்தையும் காய வைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவசரமாகக் கல் பதித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் மரக்காணத்து உப்பளங்களே தண்ணீரில் மூழ்கின. அப்படிப்பட்ட மாதத்தில் கலவை எப்படி உலரும்? வீடு பால் காய்ச்சும் தேதியைத் தை மாதத்துக்கு மேல் தள்ளி வைத்தால் ஒன்றும் கெட்டுப் போகாது.

சலவைக்கல்தான் வேண்டும் என்றால்

இவ்வளவு சொல்லியும் ஆசை விடவில்லையா? விட வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அடுப்புப் பக்கமும், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கமும் கிரானைட். தள்ளி இருக்கும் ஓரத்தில், சப்பாத்தி உருட்டும் இடத்துக்கு மட்டும் சலவைக்கல். மாவு ஒட்டாமல் உருட்டச் சில்லென்ற சலவைக்கல் ரொம்பப் பொருத்தம். பூஜை அறைத் தட்டுக்கும் சலவைக்கல் போடலாம். அங்கே புளிக்கு வேலை இல்லை. அபிஷேகத்துக்குத் தயிரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றுகிற வீடு என்றால் மட்டும் உடனே கழுவிவிட வேண்டும்.

வெள்ளைச் சலவைக்கல்லை வெள்ளைச் சிமெண்டில் பதிக்க வேண்டும். சாதாரணச் சிமெண்டின் சாம்பல் நிறம் கல் வழியாக மேலே தெரியும். கலவை நன்றாகக் காய்ந்த பிறகு சீலர் என்ற திரவத்தைத் தடவுவார்கள். எண்ணெயும் மஞ்சளும் கல்லுக்குள் இறங்காமல் அது கொஞ்ச நேரம் தடுக்கும். ஆனால் புளியைத் தடுக்காது. "சீலர் போட்டாகிவிட்டது, இனிமேல் கவலை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈரம் காயும் முன்பே சீலர் தடவினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் கல் கறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பில் இருந்து இறக்கி நேராகச் சலவைக்கல் மேல் வைக்கக் கூடாது. அந்தக் கல்லின் பரல்கள் சூட்டில் ஒரு பக்கம் நீளும், மறு பக்கம் சுருங்கும். அதனால் பிடிப்பு தளரும். பழைய காலத்துப் பிரிமணை ஒன்றை வாங்கிப் போட்டுக் கொண்டால் போதும்.

மஞ்சள் கறை பட்டால் பயப்பட வேண்டாம். மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது. ஜன்னல் வெயில் படும் இடம் என்றால் சில நாளில் தானாக வெளுத்துவிடும். எண்ணெய்க் கறைக்கு முல்தானி மட்டியைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கனமாகப் பூச வேண்டும். மேலே பாலிதீன் தாளைப் போட்டு மூடி ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டு உரித்தால் கறையும் ஓரளவு சேர்ந்து வரும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி இருக்கும். தாஜ்மகாலில் படிந்த பழுப்பு நிறத்தைப் போக்கத் தொல்பொருள் துறையினர் செய்வதும் இதே மண் பூச்சுதான். ஷாஜகான் கட்டிய மாளிகைக்கும் சமையல் மேடைக்கும் ஒரே வைத்தியம்!

கல்லில் உப்புப் பூத்தால் மாமல்லபுரத்து வைத்தியம். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். அச்சு மை இல்லாத வெள்ளைக் காகிதத்தை நல்ல தண்ணீரில் கூழாக்கிப் பூசி, காய்ந்ததும் உரிக்க வேண்டும். மறுபடி மறுபடி பூத்துக் கொண்டே இருந்தால் அடியில் இருந்து உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பூச்சு உதவாது. கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் சலவைக்கல் பக்கமே கொண்டு வரக் கூடாது. "நன்றாக வெளுக்கும்" என்று யாரோ சொன்னார்கள் என்று ஊற்றிவிட்டுப் பொங்கும் நுரையைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. பொங்குவது அழுக்கு அல்ல. கல்! எலுமிச்சை கலந்தது என்று விளம்பரம் செய்யும் பாத்திரச் சோப்பும் வேண்டாம். சாதாரணச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கல் கடைகளில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். கையளவு துண்டு ஒன்றைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். எந்தக் கல்லை வாங்க நினைக்கிறார்களோ அதே கல்லில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக் கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். ஒரு மூலையில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வைக்க வேண்டும். இன்னொரு மூலையில் மஞ்சள் பொடி குழைத்த நல்லெண்ணெய். நடுவில் ஒரு கரண்டித் தயிர். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் கழுவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வீட்டில் உள்ள எல்லோரும் பார்க்கட்டும். பிறகு முன்பணம் கொடுக்கலாம்.